கைக்கு எட்டிய அலமாரி

என் நெஞ்சுக்கூட்டிலிருந்து எடுத்த தண்ணீர் முக்கால் லிட்டர். வைக்கோல் நிறம். அதைப் பாட்டிலில் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் குனிந்து எடுத்துக் காட்டினேன். ராஜபாளையத்தில் ஆளாளுக்கு நூல், பஞ்சு, துணி என்று எதையாவது உற்பத்தி செய்துகொண்டிருக்கிறார்கள். கல்லூரி நூலகரான நான் வாழ்க்கையில் உற்பத்தி செய்த ஒரே சரக்கு அதுதான். கொஞ்சம் பெருமை இருக்காதா?

இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது. மாத்திரைகள் முடிந்துவிட்டன. கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "சுத்தம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். காசநோய் என்று கேட்டதும் கதிகலங்கிக் கிடப்பவர்களுக்கு நாலு வார்த்தை தைரியம் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். தைரியமாக இருங்கள், மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுங்கள், பிழைத்துக்கொள்வீர்கள். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மீதி எல்லாம் என் மனைவி பாக்கியத்தின் வலது கண்ணைப் பற்றியது. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில்தான் அது போயிற்று. அவளுக்கு என் நோய் ஒட்டவில்லை. என் படிப்புதான் ஒட்டியது.

அந்தப் படிப்பு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில், வெளிநாட்டு நன்கொடைத் திட்டம் ஒன்றில் எங்கள் கல்லூரிக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. நாங்கள் கேட்டிருந்தது இயற்பியல். திறந்து பார்த்தால் உடல்நல உளவியல். தலையணை மாதிரி பதினொரு புத்தகங்கள். நோயாளி ஏன் மாத்திரையைப் பாதியில் விடுகிறான், டாக்டரிடம் எதைச் சொல்கிறான், எதை விழுங்குகிறான், வலியில் உடம்பின் பங்கு எவ்வளவு, பயத்தின் பங்கு எவ்வளவு என்று பக்கம் பக்கமாக ஆராய்ந்திருந்தார்கள். எங்கள் கல்லூரியில் உளவியல் பாடமே கிடையாது. முதல்வர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வந்ததை என்ன செய்ய? திருப்பி அனுப்பினா நம்மளைப் பைத்தியம்னு நெனைப்பான். ரெஜிஸ்டர்ல ஏத்திரும்" என்றார்.

ஏற்றினேன். நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அந்த எண்தான் அதன் இடம். 150 வரிசை என்றால் மனம். 610 வரிசை என்றால் மருத்துவம். ஒரே புத்தகம் இரண்டு இடத்தில் உட்கார முடியாது. மனமா, உடம்பா என்று நூலகர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அந்தப் புத்தகங்களில் தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பொடி எழுத்தில் 616 என்று அச்சடித்தே அனுப்பியிருந்தார்கள். ஆனால் எங்கள் மருத்துவ அலமாரி கடைக்கோடியில் இருந்தது. மேல்தட்டுக்கு ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். 150 என் நாற்காலிக்கு நேர் பின்னால். கையை நீட்டினால் எட்டும். பென்சிலை எடுத்து 616ஐ அடித்துவிட்டு மனத்தில் போட்டேன். அறிவியல் துறை ஒன்றின் இருப்பிடத்தை என் முழங்கால் தீர்மானித்தது.

மூன்று வருடம் ஒரு பிள்ளையும் அவற்றைத் தொடவில்லை. நான்தான் படித்தேன், அதிலும் முதல் புத்தகத்தை மட்டும். ஐந்தாம் அத்தியாயம் முடிவதற்குள் பாதி டாக்டர் ஆகிவிட்டேன். இயற்பியல் பேராசிரியருக்கு இடுப்பு வலி என்றால், "வீட்டுல மாமியார் வந்திருக்காகளா?" என்று கேட்பேன். பல சமயம் வந்திருப்பார்கள். என் பேர் பரவியது. கேலியாகத்தான். நானே அதில் முதல் ஆளாகச் சிரித்துக்கொள்வேன். ஆனால் உள்ளுக்குள் நம்பினேன். சிரித்துக்கொண்டே நம்புகிற ஆளை யாராலும் திருத்த முடியாது.

அப்புறம் எனக்கு இருமல் வந்தது. சாயங்காலம் ஆனால் லேசான காய்ச்சல். மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தல். வேலைப்பளுவால் மனம் தளர்ந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். எங்கள் நூலகத்தில் வேலைப்பளு என்று ஒன்றை நிரூபிக்கப் பெரிய வக்கீல் வைக்க வேண்டும். இரண்டு மாதம் போயிற்று. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை.

பாக்கியம் சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி எடுத்துவந்து வீட்டில் வைத்து அளந்து, வெட்டி, சுருட்டிக் கொடுக்கிற வேலை செய்துகொண்டிருந்தாள். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். ஒரு நாள் அதே மாதிரி என்னையும் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாள்.

"சட்டையைக் கழத்துங்க."

"எதுக்கு?"

"எலும்பை எண்ணணும். கழத்துங்கன்னா."

எண்ணினாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். உங்க புஸ்தகம் என்ன சொன்னாலும் சரி, போறோம்" என்றாள்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னை இழுத்துக்கொண்டு போனது அவள்.

ராஜபாளையத்தில் சேர்ந்தால் காசநோய் என்ற விஷயம் நான் கட்டிலில் ஏறுவதற்கு முன்பே கல்லூரிக்குப் போய்விடும். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. பேர் வேண்டாம், அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. கல்லூரிக்கு மஞ்சள்காமாலை என்று எழுதிக் கொடுத்தேன். அவமானத்துக்குப் பயந்து நோயை மறைப்பவர்களைப் பற்றி நாலாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அடிக்கோடு எல்லாம் போட்டிருந்தேன்.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் செருகினார். வலது நெஞ்சின் கீழ்ப்பாதி பால் ஊற்றியது போல வெள்ளையாக இருந்தது. "நுரையீரலைச் சுத்தி ரெண்டு சவ்வு இருக்கு. நடுவுல தண்ணி கோத்திருக்கு. அது நுரையீரலை அமுக்குது, அதான் மூச்சு வாங்குது. காசநோய்லதான் இது பெரும்பாலும் வரும். உங்க சளியில கிருமி இல்ல, அடுத்தவங்களுக்கு ஒட்டாது. தண்ணியை எடுத்துட்டு மாத்திரை ஆரம்பிச்சிரலாம்" என்றார். அவர் பேசியதில் 'எடுத்துட்டு' என்ற சொல் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

எடுப்பது எப்படி என்றால், மேசையில் தலையணை வைத்து அதைக் கட்டிப்பிடித்து முன்னால் குனிந்து உட்கார வேண்டும். முதுகில் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. பிறகு விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு பெரிய ஊசி. வலி அதிகமில்லை, உள்ளே எதுவோ இழுபடுகிறது. ஊசி இறங்கும்போது பயத்தைக் குறைக்க மனத்தில் ஒரு குளிர்ந்த ஏரியைக் கற்பனை செய்ய வேண்டும் என்று படித்திருந்தேன். எனக்கு ஏரி வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கண்மாய்தான் வந்தது. அதிலும் தண்ணீர் இல்லை. தலையணையைக் கடித்தேன். சிஸ்டர் ரோஸ்லின், "சார், அது ஆஸ்பத்திரி தலகாணி" என்றார்.

மறுநாள் நான்கு வகை மாத்திரை தொடங்கினார்கள். அதில் ஒன்று சிறுநீரைச் செங்கல் நிறமாக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அல்லது சொல்லும்போது நான் பேசிக்கொண்டிருந்தேன். கழிப்பறையிலிருந்து "ரத்தம்!" என்று நான் போட்ட சத்தத்தில், மூன்றாம் கட்டிலில் இருந்தவர் குளுக்கோஸ் கம்பியோடு எழுந்து வந்துவிட்டார். வத்திராயிருப்பில் மாந்தோப்பு வைத்திருக்கும் மாரிக்கனி. என் வயதுதான் இருக்கும். ஆஸ்துமாவுக்காகப் படுத்திருந்தவர்.

"ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குப் பக்கத்துல முன்னால படுத்திருந்த ஆளும் இப்படித்தான் கத்துனாரு" என்றார். "நீரு வாத்தியாரோ?"

"நூலகர்."

"புஸ்தகம் வச்சிருக்கீருல்ல. வாத்தியார்தான்."

அன்றிலிருந்து வார்டில் நான் வாத்தியாரையா. பையில் பழைய நூலக அட்டைகள் கொஞ்சம் வைத்திருந்தேன். பொழுது போகாமல் ஆளுக்கு ஓர் அட்டை எழுதி, வகை எண் போட்டுக் கட்டில் தலைமாட்டில் மாட்டினேன். எனக்கு 616.995, காசநோய். மாரிக்கனிக்கு 634, பழத்தோட்டம். சிஸ்டர் ரோஸ்லின் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். டாக்டர் சுற்றுக்கு வரும்போது அட்டைகளைப் படித்துச் சிரிப்பார். ஆஸ்பத்திரி நாட்களில் மனசு விட்டுப் போகாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று படித்திருந்தேன். செய்தேன். நன்றாகவே பலித்தது.

மூன்றாம் நாள் டாக்டர் என் கட்டில் ஓரத்தில் நின்று கவனமாகச் சொன்னார்: "இந்த நாலு மாத்திரையில ஒண்ணு சில பேருக்குக் கண் நரம்பைத் தொடும். அபூர்வம்தான். ஆனா பார்வை மங்கினாலோ, செவப்பும் பச்சையும் சரியாத் தெரியலன்னாலோ உடனே எங்கிட்ட சொல்லணும்." பாக்கியம் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து, "நீங்களும் கவனிச்சிக்கிடுங்கம்மா" என்றார். அதிலிருந்து தினமும் காலையில் ஒரு சிவப்புப் பென்சிலை நீட்டி, என்ன நிறம் என்று என்னைக் கேட்பார். நான் "நீலம்" என்று ஒரு நாள் விளையாடி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பாக்கியம் தினமும் சாயங்காலம் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து, சோறு கொடுத்துவிட்டு இருட்டியதும் கிளம்புவாள். ஐந்தாம் நாள் வந்தவள், வார்டு டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னட்டி, லைட்டை அப்பிடிப் பாக்க?"

"ஏங்க, லைட்டைச் சுத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

"டியூப்லைட்டு தெரியுது."

"எனக்குச் சுத்தி வானவில் மாதிரி தெரியுது. சாமிக்குப் பின்னால திருவாச்சி வச்ச மாதிரி. நேத்து பஸ்ல போகையில எதுக்க வார லைட்டுக்கெல்லாம் அப்படித்தான் இருந்துச்சு. இந்தப் புருவத்துக்கு மேல விண்ணு விண்ணுன்னு வலி வேற."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத்தான் வேண்டும். அதைத் தவிர வேறு சொல் இல்லை. ஆறாம் அத்தியாயத்தில் இதுதான் இருந்தது. நோயைப் பற்றி விவரமாகக் கேட்டவர்கள் அதே அறிகுறியைத் தங்களிடமும் கண்டுபிடித்துக்கொள்வார்கள்; மருத்துவ மாணவர்களுக்கு இது சகஜம்; நோயாளியைப் பார்த்துக்கொள்கிற வீட்டாருக்கும் வரும். டாக்டர் கண்ணைப் பற்றிச் சொல்லி இரண்டே நாள். என் மனைவிக்குக் கண்ணில் கோளாறு. பாடப்புத்தகத்தில் எடுத்துக்காட்டாகப் போடலாம். அது தானாக நடந்து வந்து, தூக்குச்சட்டியோடு என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது.

விளக்கினேன். நீளமாக விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே ரசத்தை ஊற்றினாள்.

"அப்போ வலிக்கலங்கீங்களா?"

"வலிக்கும். ஆனா வலி கண்ணுல இல்ல. மனசுல."

"மனசு புருவத்துக்கு மேலயா இருக்கு?"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். "தூங்கி எந்திரிச்சா வலி போயிருதா, இல்லையா?" என்று கேட்டேன். "போயிருது" என்றாள். "பாத்தியா! தூங்கினா போற வலி உடம்பு வலியா இருக்குமா?" என்றேன். அவள் தூக்குச்சட்டியை மூடினாள். யோசித்துப் பார்த்தால் நான் சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. நானே அந்த இடத்தில் உண்டாக்கியதுதான். ஓர் அட்டையை எடுத்து, 'பாக்கியம்' என்று எழுதி, பக்கத்தில் 155.9 போட்டு என் தலைமாட்டிலேயே மாட்டினேன். மன அழுத்தத்துக்கு அதுதான் எண். கண் நோய்களுக்கு 617.7. அது எனக்கு அன்றைக்கும் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பாருங்கள், 150 கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

மாரிக்கனி மட்டும் சிரிக்கவில்லை. அவள் போன பிறகு, "வாத்தியாரையா, அந்தப் பிள்ளைக்கு வலது கண்ணு செவந்திருந்துச்சே, கவனிச்சீரா?" என்றார்.

"பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து வாரா. தூசி."

"தூசின்னா ரெண்டு கண்ணும்லா செவக்கணும்."

"உமக்கு மாங்கா நோயி தெரியும். மனுச நோயி எனக்குத் தெரியும்" என்றேன். அவர் இருமிக்கொண்டே திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் நடந்ததைத்தான் நான் எத்தனை தடவை எழுதினாலும் வேறு மாதிரி எழுத முடியவில்லை. அன்றைக்கு டாக்டர் காலையில் வர முடியாமல் சாயங்காலம் சுற்றுக்கு வந்தார். பாக்கியம் இருந்தாள். சிவப்புப் பென்சில் சோதனை முடிந்தது. டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகரப்போனார். பாக்கியம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஓர் எட்டு முன்னால் வந்தாள். அவள் அப்படி யாரிடமும் தானாகப் பேசப் போகிறவள் அல்ல. பல தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சார், எனக்கு லைட்டைச் சுத்தி..."

"டாக்டர், உங்க மாத்திரை ரொம்ப வீரியம்!" என்றேன் நான். "நான் முழுங்குதேன். கண்ணு அவளுக்குக் கெடுது!"

வார்டு சிரித்தது. சிஸ்டர் ரோஸ்லின் சிரித்தார். டாக்டரும் சிரித்துவிட்டார். ஆனால் அவர் நல்ல மனுஷர். சிரித்து முடித்ததும் அவள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா? என்ன சொல்ல வந்தீங்க?"

பாக்கியம் என்னைப் பார்த்தாள். தலைமாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

அவர் போய்விட்டார். அவள் தூக்குச்சட்டியை அடுக்கினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்றாள். இருட்டில் இறங்கிப் போனாள். எதிரே வந்த பஸ்களுக்கெல்லாம் திருவாச்சி இருந்திருக்கும். அதற்குப் பிறகு கண்ணைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். ஒரே பேச்சில் குணமாக்கிவிட்டதாக மாரிக்கனியிடம் சொல்லவும் செய்தேன்.

பன்னிரண்டாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், பேண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்த பாக்கியம் கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டினாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். வாந்தி என்றதும் எனக்கு நிம்மதி. வயிறு என்றால் புரிகிற விஷயம். அலைச்சல், பித்தம் என்றேன். தலைவலி மாத்திரை ஒன்று கொடுத்துப் படுக்கவைத்தேன். மறுநாள் காலையில் வாந்தி நின்றிருந்தது. வலி நிற்கவில்லை. அவள் முனகக்கூட இல்லை. நான் கொல்லையில் உட்கார்ந்து என் மாத்திரைகளை எண்ணி விழுங்கினேன்.

மத்தியானம் அவளுடைய அண்ணன் சீனி சேத்தூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். என்னைப் பார்க்கத்தான் வந்தார், கையில் இளநீர்க் குலையோடு. உள்ளே போனவர் உடனே வெளியே வந்தார்.

"மாப்ள, என்னய்யா இது? கண்ணு ரத்தக்கட்டியா இருக்கு. எம்புட்டு நேரமா இப்படி?"

"நேத்து சாயங்காலம் இருந்து. அது வந்து மச்சான், மனசு..."

"கண்ணைப் பாத்தீரா, இல்லையா?"

நான் பார்க்கவில்லை. அவ்வளவு படித்தவன், அந்தக் கண்ணை ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். கருவிழி பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கிக் கிடந்தது. இடது கண்ணைப் பொத்தி என் கையை ஆட்டிக் காட்டினேன். "ஏதோ நெழலாட்டம் வருது" என்றாள்.

சீனி கார் பிடித்தார். மதுரையில் கண் ஆஸ்பத்திரி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன்.

கண் டாக்டர் ஓர் இளம்பெண். பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் எப்போதும் ஒரு தண்ணீர் சுரந்துகொண்டே இருக்கும். ஓரத்தில் ஒரு சின்ன வடிகால் வழியாக வெளியேறும். சிலருக்கு அந்த வடிகால் பிறவியிலேயே குறுகலாக இருக்கும். மங்கின வெளிச்சத்தில் கருவிழி நடுவே உள்ள கண் பாப்பா விரியும்போது வடிகால் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளேயே தங்கும். அழுத்தம் ஏறும். அழுத்தத்தில் நரம்பு செத்துப்போகும். ஆரம்பத்தில் வந்து வந்து போகும். தூங்கினால் பாப்பா சுருங்கி வடிகால் தானே திறந்துகொள்ளும், வலியும் போய்விடும். அந்த நேரத்தில் வந்தால் கருவிழிக்குப் பின்னால் இருக்கும் திரையில் ஒரு சின்னத் துளை போட்டால் போதும்.

தூங்கினால் வலி போவது எதனால் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் நெஞ்சில் கோத்த தண்ணீரை முக்கால் லிட்டர் வடித்துப் பாட்டிலில் போட்டுக் கண்காட்சி வைத்தேன். அவளுக்கு வடிய வேண்டியிருந்தது ஒரு சொட்டு.

டாக்டர் குறிப்பெழுதிக்கொண்டே கேட்டார்: "இதுக்கு முன்னாடி எப்பவாவது லைட்டைச் சுத்தி வளையம் மாதிரி தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுது."

"எப்ப இருந்து?"

"இவிய ஆஸ்பத்திரில இருந்தப்ப. மூணு வாரம் ஆகப்போகுது."

"மூணு வாரமாவா? யார்ட்டயும் சொல்லலையா?"

பாக்கியம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"சொன்னேன்" என்றாள்.

யாரிடம் என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருப்பேன்.

இடது கண்ணிலும் அதே குறுகல். அதில் துளை போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கண்ணில் அழுத்தத்தைக் குறைத்தார்கள், வலியை நிறுத்தினார்கள். பார்வை திரும்பவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும்.

அறுவை முடிந்து கட்டுப் போட்ட முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையை உயர்த்திக் கட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நம்ம பக்கத்துத் துணிதான்" என்றாள். "இழை கம்மியா விட்டிருக்கான். எவ பாத்து அனுப்பினாளோ."

என் தொழில் சிரிக்கவைப்பது. அன்று அவள்தான் விளையாட்டாகப் பேசினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைகூட இருமலாகத்தான் வந்தது. "தண்ணி குடிங்க" என்று சொம்பு இருக்கும் பக்கம் கையை நீட்டினாள். சொம்பு அவளுக்கு வலது பக்கம் இருந்தது. கை பட்டு அது உருண்டது.

கல்லூரியில் மறுபடி சேர்ந்ததும், மஞ்சள்காமாலை எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தப் புத்தகத்தை எடுத்தேன். ஆறாம் அத்தியாயம் முடிகிற இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்திருந்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை. ஏழாம் அத்தியாயத்தை நின்றுகொண்டே படித்தேன். நோயாளி டாக்டரிடம் போய்ச் சேரத் தாமதம் ஆவதைப் பற்றி. தாமதத்தில் ஒரு பங்கு நோயாளியுடையது, ஒரு பங்கு பக்கத்தில் இருந்துகொண்டு 'அது ஒன்றுமில்லை' என்று சொல்கிறவருடையது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆகவே, புத்தகத்தின்மேல் பழியில்லை. அது சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் செய்தது. எனக்கு வேண்டியது கிடைத்ததும் மூடிவைத்துவிட்டேன்.

பதினொரு புத்தகங்களையும் சுமந்துபோய், ஸ்டூல் போட்டு ஏறி, மருத்துவ அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். டாக்டர் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். மூச்சு வாங்கியது. அட்டைகளில் சிவப்பு மையால் திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். தப்பு யாருடையது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும், அது எங்கள் தொழிலின் முறை. சட்டைப் பையில் கிடந்த பாக்கியத்தின் அட்டையிலும் 155.9ஐ அடித்து 617.7 என்று எழுதினேன். அதிலும் சுருக்கொப்பம் போட்டேன். எந்தப் பெட்டியில் அடுக்குவது என்று தெரியாமல் அது இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

பாக்கியம் இப்போதும் பேண்டேஜ் சுருட்டுகிறாள். இழையை விரலால் பார்க்கிறாள். வீட்டில் பேசுகிறாள், சிரிக்கிறாள், என்னை வைகிறாள். ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டாள். தலை வலிக்கிறது, கால் உளைகிறது, வயிறு சரியில்லை என்று என்னிடம் எதையும் சொல்வதில்லை. நானாகக் கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பாள். டாக்டரிடம் சொன்ன அதே குரல்.

போன மாதம் மதுரைக்குக் கண் பரிசோதனைக்குப் போயிருந்தோம். இடது கண் நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார். பிறகு ஃபைலை மூடிக்கொண்டே, "வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று கேட்டார்.

நான் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் பார்ப்பதற்கு அவள் இப்போது தலையை முழுக்கத் திருப்ப வேண்டும். திருப்பினாள்.

"நீங்க செத்த வெளிய இருங்க" என்றாள். கோபமாக இல்லை. பால் பொங்குது, பாருங்க என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை, குரல் மட்டும் கேட்டது. பாக்கியம் பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் யாரும் சிரிக்கவில்லை.